இன்னொருக்காக் கேட்காத ஏரிக்கரை

எங்கள் கிரெய்கிபர்ன் வீட்டிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறி வடக்கே போனால், மஞ்சள் புல் மேடுகளையும் செம்மறிகளையும் தாண்டி ஓர் ஏரி வரும். ஏரி என்பது மரியாதைக்குச் சொல்வது. யாரோ எப்போதோ ஆற்றை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம் அது. தண்ணீருக்குள் மூழ்கிப்போன மரங்கள் இன்னும் சாம்பல் நிறத்தில் நிமிர்ந்து நிற்கும். கரையில் புல்வெளி, கூரை போட்ட மேசைகள், பொத்தானை அமுக்கினால் சூடாகிற பொது அடுப்புத் தட்டுகள், படகு இறக்கச் சரிவான சீமெந்துப் பாதை, ஒரு பக்கத்தில் சக்கர வீடுகளில் ஆட்கள் தங்குகிற காரவன் பூங்கா. வாசலில் ஒரு பெரிய பலகை. வருடம் முழுவதும் இங்கே வந்து மகிழலாம் என்று எழுதி, காலத்துக்கு ஒன்றாகப் படம் போட்டிருந்தார்கள். கோடையில் ஒருவர் நீரில் சறுக்குகிறார். இலையுதிர் காலத்தில் ஒருவர் தூண்டிலோடு இருக்கிறார். குளிரில் ஒருத்தி தொப்பி போட்டு நடக்கிறாள். வசந்தத்தில் ஒருவர் பறவை பார்க்கிறார். ஒரு படத்திலும் ஒருவரும் சாப்பிடவில்லை. அதைக் கண்டதும் இது எங்களுக்கான இடமில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

எங்களை அங்கே கூட்டிப்போனது அடுத்த வீட்டுப் பெண். தமிழ்நாட்டுக்காரி. அவளும் கணவனும் கணினி வேலை. நான் அவளைத் தங்கச்சி என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். அவள் வாயில் வருகிற பேச்சைக் கேட்பதற்காகவே நான் வேலிக்குப் பக்கத்தில் உடுப்புக் காயப் போடுவதுண்டு. பலகையைப் பார்த்ததும் அவள் சொன்னாள்:

"வருஷம் முழுக்கன்னு போட்டிருக்கான்ல அக்கா, அப்போ நாலு சீசனுக்கும் வந்து பாத்துரணும். இல்லன்னா ஜிம்முக்குப் பணம் கட்டிட்டு ஸ்டிக்கர மட்டும் கார்ல ஒட்டிக்கிட்ட மாதிரி ஆயிடும்."

என் கணவர் பலகையைப் படிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மன்னார்க் கரையில் பிறந்தவர். அவருடைய வீட்டில் நடக்கப் பழகுவதும் வள்ளத்தில் ஏறப் பழகுவதும் ஒரே வருடத்தில் நடந்தவை என்று என் மாமியார் சொல்லுவார். இங்கே வந்ததிலிருந்து ஒரு குளிர்க் களஞ்சியத்தில் பாரம் தூக்குகிற போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறார். இத்தனை வருடத்தில் ஒருநாளாவது ஒரு படகில் கால் வைத்ததில்லை.

"என்ன, தண்ணி வடிவா இருக்குதோ?" என்று கேட்டேன்.

"தண்ணி எண்டால் உப்பு இருக்கவேணும்," என்றார். "உது பெரிய கிணறு."

வாய் அப்படிச் சொன்னது. வலது கை மட்டும் தொடைப் பக்கத்தில் மெல்ல முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தது. துடுப்புப் போடுகிற அசைவு. தனக்கே தெரியாமல் செய்தார். படகில் ஏறவேண்டும் என்ற ஆசை அந்த மனிதருக்குள் எத்தனை காலமாகக் கிடக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் சரியாக விளங்கியது. அதை ஒருநாளும் வாயால் சொல்லமாட்டார் என்பது எனக்கு முன்னமே தெரியும்.

அது கோடை. ஏரியில் நீர் மோட்டார் சைக்கிள்கள் தேனீக் கூட்டம்போல இரைந்தன. நாங்கள் இரண்டு மேசையைப் பிடித்து, பொது அடுப்புத் தட்டில் எங்கள் கறிச் சட்டியைச் சூடாக்க வைத்திருந்தோம். தட்டில் சொசேஜ் வாட்ட வந்த ஒரு குடும்பம் சட்டியைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, பிறகு அடுத்த கூரைக்குப் போய்விட்டது. பக்கத்து மரத்தின் கீழே மடக்குக் கதிரையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தனியாக இருந்தார். காரவன் பூங்காவில் வருடம் முழுவதும் தங்குகிறவர்களில் ஒருவர். அவருடைய சிறிய அலுமினியப் படகு கரையில் கட்டிக் கிடந்தது. இங்கே அதை டின்னி என்பார்கள். பார்க்க பிஸ்கட் டின்னை நீட்டி விட்டது போலத்தான் இருக்கும்.

தனியாக இருக்கிற மனிதருக்குக் கொடுக்காமல் எப்படிச் சாப்பிடுவது? ஒரு தட்டில் மட்டன் ரோல் வைத்துக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் பேச்சை நான் என் தமிழிலேயே எழுதுகிறேன். பஸ்ஸில் பழகிய என் ஆங்கிலத்தில் எழுதினால் அவருக்குத்தான் மானக்கேடு.

"எடுங்கோ," என்றேன்.

"எடுக்கிறேன்," என்று எடுத்தார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். "ஐயோ வேண்டாம்" இல்லை. "இப்பதான் சாப்பிட்டேன்" இல்லை. "உங்களுக்கு ஏன் சிரமம்" இல்லை. கேட்டேன், எடுத்தார், கடித்தார். "இன்னொன்று?" என்றேன். அதையும் எடுத்தார். எங்கள் ஆட்களுக்கு ஒரு ரோல் கொடுப்பதென்றால் தட்டோடு மூன்று முறை பின்னால் நடக்கவேண்டும். ஒரு மனிதருக்குச் சாப்பாடு கொடுப்பது இவ்வளவு லேசான வேலையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு அவர் என் கணவரிடம் வந்தார். படகைக் காட்டி, "ஒரு சுற்றுப் போகப்போகிறேன். வருகிறாயா, மேட்?" என்று, இங்கத்தைய வழக்கப்படி நண்பனாக்கிக் கேட்டார்.

என் கணவரின் முகத்தில் ஒரு கணம் பத்து வயதுப் பையன் ஒருவன் வந்து போனான். பிறகு அவர் கையை உயர்த்தி, தலையை ஆட்டி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துச் சொன்னார்:

"நோ, நோ. தாங்க் யூ. வீ ஆர் ஓகே."

"நோ வொரிஸ்," என்று கிழவர் போய்ப் படகில் ஏறினார். கயிற்றை இழுத்து மோட்டாரை முடுக்கினார். போயே விட்டார்.

என் கணவரின் கை இன்னும் மேலேயே இருந்தது.

"என்ன மனுசனப்பா உவர்?" என்றார் மெல்லிய குரலில். "இன்னொருக்காக் கேட்கமாட்டாரோ?"

எங்கள் மகள் தாதியாக வேலை பார்க்கிறாள். வேலையிடத்தில் நோயாளிகளின் வாயிலிருந்து உண்மையைப் பிடுங்கிப் பழகியவள். "அப்பா, சீரியஸ்லி? யூ வாண்டட் டு கோ. வை டிட் யூ சே நோ?"

"நான் எங்கை பிள்ளை 'நோ' எண்டனான்? முதல் சொல்லுறதுக்குச் சொன்னனான்."

அவளுக்கு விளங்கவில்லை. தங்கச்சிக்கு உடனே விளங்கிவிட்டது. "எங்க வீட்லயும் அப்படித்தான் அக்கா. கல்யாணம் ஆன புதுசுல மாமியார் வீட்டுக்குப் போனப்போ, காபி வேணுமான்னாங்க, வேணாம் அத்தைன்னேன். சரின்னு உள்ள போயிட்டாங்க. தல வெடிச்சிருச்சு எனக்கு. அன்னைக்கே தெரிஞ்சுது, இது கஷ்டமான குடும்பம்னு."

முதல் முறை கேட்பது கேட்கிறவருடைய முறை. வேண்டாம் என்பது கேட்கப்பட்டவருடைய முறை. அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கும். இப்படியே வளர்ந்தவர் என் கணவர். கேட்டவுடன் தலையாட்டினால் காத்துக் கிடந்தவன் என்று நினைத்துவிடுவார்கள் என்று பயம். காத்துக் கிடந்தார் என்பதுதான் சங்கடமே.

அன்றைக்கு முழுவதும் ஏரியின் நடுவில் அந்த டின்னி போவதும் வருவதுமாக இருந்தது. இவர் புல்லில் இருந்துகொண்டு குறை சொன்னார். "அங்கை பாரும், அணியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுறார்," என்றார். படகின் முன்பக்கத்தைத்தான் அணியம் என்பார்கள். "ஒராளைத் தன்னந்தனிய ஏத்தினால் உப்பிடித்தான். முன்னுக்கு ஒரு பாரம் வேணும்."

"நீங்கள் போயிருந்தால் பாரத்துக்குக் குறையில்லை," என்றேன்.

இலையுதிர் காலம் வந்ததும் தங்கச்சி மறக்காமல் நினைவுபடுத்தினாள். மீன்பிடிக் காலம். இந்த முறை மகள் காரை ஓட்டிக்கொண்டே தகப்பனுக்குப் பயிற்சி கொடுத்தாள்.

"அப்பா, ஐ ஆம் த ஓல்ட் மேன். வாண்ட் டு கம் அவுட் ஆன் த போட்?"

"யெஸ்."

"யெஸ் ப்ளீஸ்."

"யெஸ் ப்ளீஸ்."

"ஸ்மைல் பண்ணுங்கோ."

"யெஸ் ப்ளீஸ் சொல்லேக்கை சிரிப்பு வருகுதில்லை பிள்ளை. களவெடுக்கிற மாதிரிக் கிடக்கு."

செம்மறிகள் எங்களைப் பார்த்து மென்றுகொண்டு நின்றன. பின் இருக்கையில் தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். ஏரிக்குப் போய்ச் சேருமுன் அவர் அந்த இரண்டு சொல்லையும் செபம்போல மனப்பாடமாக்கிவிட்டார்.

கிழவர் எங்களைக் கண்டதும் கை காட்டினார். ரோலையும் கண்டார், இந்த முறை நான் கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. தின்று முடித்துவிட்டு, தூண்டில்களைப் படகில் வைத்துக்கொண்டே கேட்டார்: "இன்றைக்கு வருகிறாயா?"

நாங்கள் மூன்று பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"யெஸ்..." என்றார் என் கணவர். நன்றாகத்தான் தொடங்கினார். பிறகு படகைப் பார்த்தார், கிழவரின் இரண்டு தூண்டிலைப் பார்த்தார், தன் காற்சட்டையைப் பார்த்தார். "யெஸ், பட், யூ மஸ்ட் பி பிஸி. ஐ டோண்ட் வாண்ட் டு டிஸ்டர்ப்."

கிழவர் சற்று யோசித்தார். "சரிதான்," என்றார். "அமைதியாகத்தான் பிடிக்கவேண்டும் இந்த மீனை." தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

மகள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு மேசையிலேயே படுத்துவிட்டாள்.

"பாதி சொன்னனான்தானே," என்றார் இவர். "மிச்சத்தை அவர் விளங்கவேணும்."

நான் அவரை அன்றைக்குச் சும்மா விடவில்லை. சோறு போடும்போது, "போடட்டோ?" என்றேன். பழக்கத்தில் "காணும், காணும்" என்று தட்டைக் கையால் மறைத்தார். "நோ வொரிஸ்" என்று சட்டியை மூடிவிட்டேன். பாவம், கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சிதான் இரக்கப்பட்டுப் போட்டுக் கொடுத்தாள்.

இந்த நாட்டில் குளிர்காலம் ஜூலையில். அப்போது அங்கே போனவர்கள் நாங்களும் வாத்துகளும்தான். மூடுபனியில் ஏரி இருக்கிற இடமே தெரியவில்லை. மூழ்கிய மரங்களின் நுனிகள் மட்டும் ஆவிபோல நின்றன. படத்தில் இருந்த தொப்பிக்காரி நடந்த பாதையில் தங்கச்சி எங்களை நடக்க வைத்தாள். அவளுடைய கணவன் கையுறையைக் கழற்றாமலே தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, "வருஷம் முழுக்கன்னு எழுதுனவன் ஜூலைல வந்து பாத்திருக்க மாட்டான்," என்றான். எனக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்தது. யாராவது எதையாவது அளவுக்கு மீறிப் புகழ்ந்தால் இப்போது நான் அதைத்தான் சொல்கிறேன்.

கிழவர் தன் காரவனுக்கு முன்னால் ஓர் இரும்புத் தொட்டியில் விறகு எரித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கூப்பிட்டுக் கதிரை போட்டார். படகு தார்ப்பாயின் கீழே இழுவண்டியில் கிடந்தது. நெருப்பைக் கிண்டிக்கொண்டே அவர் சொன்னார்: தோள்மூட்டு முன்போல இல்லை, குயின்ஸ்லாந்தில் மகள் இருக்கிறாள், அவளிடம் போகப்போகிறேன், வசந்தத்தில் இந்த டின்னியை விற்றுவிடுவேன்.

என் கணவர் தார்ப்பாயைப் பார்த்தபடி இருந்தார். நெருப்பு வெளிச்சத்தில் அவருடைய முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கிழவரின் பக்கம் திரும்பி, "மை ஹஸ்பண்ட்..." என்று தொடங்கினேன்.

"நீர் சும்மா இரும்," என்றார் இவர் தமிழில். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. குரல் மட்டும் மாறியது.

வீட்டுக்கு வரும் வழியில் அதற்குப் பஞ்சாயத்து நடந்தது.

"உமக்கு என்ன அவசரம்? எனக்காக நீர் போய்க் கேட்டால் நான் என்ன மனுசன்?"

"கேட்டால் என்ன குறைஞ்சுபோம்? அந்தாள் படகை விக்கப்போகுது. பிறகு ஆரிட்டைப் போய் 'வேண்டாம், வேண்டாம்' எண்டு சொல்லப்போறியள்?"

அவர் கிரெய்கிபர்ன் விளக்குகள் தெரியும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பகிடியாகத் தொடங்கிய கதை அந்த இடத்தில் பகிடியாக இருக்கவில்லை. சின்ன விஷயம்தான். ஒரு டின்னியில் ஒரு சுற்று. ஆனால் அதற்காக அந்த மனிதர் கோடையிலிருந்து வெறுங்கையால் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

வசந்தத்தில் போனபோது ஏரிக்கரை முழுவதும் மஞ்சள் பூ. கூடவே மேக்பை பறவைகள் தலையைக் கொத்த வருகிற காலம். தங்கச்சியின் கணவன் பிரியாணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் தலைக்கவசத்தோடு நடந்தான். நல்ல காற்று. தண்ணீரில் சின்னச் சின்ன அலை வந்து கரையில் தட்டியது. கிழவரின் காரவனுக்கு முன்னால் பெட்டிகள் கட்டி அடுக்கியிருந்தன. படகு கரையில் கிடந்தது. மறுநாள் அதை வாங்குகிறவர் பார்க்க வருகிறாராம்.

மகள் எங்கள் யாரிடமும் சொல்லாமல் நேரே அவரிடம் போனாள். நான் ரோல் தட்டோடு பின்னாலே போனேன், கேட்காமல் இருக்க முடியாதே. அவள் விளக்கிச் சொன்னாள்: எங்கள் ஆட்கள் முதல் முறை கேட்டால் மரியாதைக்காக வேண்டாம் என்பார்கள். அப்பாவுக்குப் படகு என்றால் உயிர். தயவு செய்து மூன்று முறை கேளுங்கள்.

கிழவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவருக்கு அது பெரிய சங்கடமாகப் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"பார் பிள்ளை, ஒரு மனிதன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்," என்றார். "மறுபடி கேட்டால் அவனை நெருக்குவதுபோல ஆகிவிடும். என் அப்பா அப்படித்தான் சொல்லி வளர்த்தார். உன் அப்பா நல்ல மனிதர். அவரை நான் நெருக்கமாட்டேன்."

எனக்கு அங்கேயே சிரிக்கவும் வேண்டும்போல இருந்தது, அழவும் வேண்டும்போல இருந்தது. இவர் தம் மரியாதைக்காக வேண்டாம் என்கிறார். அவர் தம் மரியாதைக்காக மறுபடி கேட்காமல் இருக்கிறார். இரண்டு நல்ல மனிதர்கள் ஒரு வாசலில் நின்றுகொண்டு, நீங்கள் முதலில் போங்கள், நீங்கள் முதலில் போங்கள் என்று கதவையே மூடிவிட்டார்கள்.

மகள் தோற்றுப்போய் வந்து உட்கார்ந்தாள். நாங்கள் பிரியாணியைத் திறந்தோம். என் கணவர் மேசையின் அந்த முனையில், ஏரிக்கு முதுகு காட்டி இருந்தார். வேண்டுமென்றே அப்படி இருந்தார்.

கிழவர் படகைத் தண்ணீரில் இறக்கி ஏறினார். விற்கிறதற்கு முன் மோட்டாரை ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டுமே. சிறிது தூரம் போனார். காற்று எதிர்த்து வந்தது. படகின் முன்பக்கம் குதிரைபோல மேலே எழும்பியது. வேகத்தைக் குறைத்தார், மறுபடி முடுக்கினார், மறுபடி எழும்பியது. பேசாமல் திருப்பிக்கொண்டு கரைக்கு வந்தார்.

கரையில் நின்று எங்கள் மேசையை ஒவ்வொருவராகப் பார்த்தார். மகள் ஈர்க்குச்சி. தங்கச்சி அவளிலும் ஈர்க்குச்சி. அவளுடைய கணவன் தலைக்கவசத்தோடு சேர்த்து நிறுத்தாலும் தேறமாட்டான். நான் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். கடைசியில் அவர் கண் என் கணவரின் வண்டியில் போய் நின்றது. எங்கள் பக்கத்தில் வயிற்றை வண்டி என்றுதான் சொல்வோம், இவருடையதைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

"மேட்," என்றார் கிழவர். "உதவி ஒன்று வேண்டும். இந்தக் காற்றில் எனக்கு முன்னுக்கு ஒரு பாரம் இல்லாமல் முடியாது. கொஞ்சம் வந்து இருக்கிறாயா?"

அவர் கேட்டு முடிக்கவில்லை. என் கணவர் பிரியாணிக் கையோடு எழும்பிவிட்டார். வேண்டாம் இல்லை, சிரமம் இல்லை, நீங்கள் பிஸி இல்லை. உதவி என்று ஒரு மனிதன் கேட்டால் முதல் முறையிலேயே ஓம் என்று சொல்லவேண்டும் என்பதும் அதே வீட்டில்தான் அவர் படித்தது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கினார்.

"அப்பா, லைஃப் ஜாக்கெட்!" என்று மகள் ஓடினாள். கிழவர் கொடுத்த அங்கி வண்டிக்கு மேல் பூட்டுப்படவில்லை. பட்டியை நீட்டி நீட்டி, மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லி, ஒருவழியாகப் பூட்டினாள். அவர் அணியத்தைத் தொட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஏறினார். படகு மரியாதையாகத் தலையைக் குனிந்தது.

"அண்ணா வெயிட்டுக்கு ஒரு வேல கெடச்சிருச்சு," என்றாள் தங்கச்சி.

போனார்கள். இந்த முறை முன்பக்கம் எழும்பவில்லை. அவர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு பக்கமும் கையைப் பிடித்து, கோயில் தேரில் இருக்கிற சுரூபம்போல இருந்தார். நான் சாப்பாட்டை மறந்து கரைக்குப் போய்விட்டேன். நடுவரை போய், மூழ்கிய மரங்கள் நிற்கிற பக்கம் திரும்பினார்கள். அங்கே தண்ணீருக்குள் அடிமரங்கள் இருப்பதால் கிழவர் மோட்டாரைத் தூக்கிவிட்டுத் துடுப்புகளை எடுத்தார். ஒருமுறை போட்டதும் தோளைப் பிடித்துக்கொண்டார். என் கணவர் நடு இருக்கைக்கு நகர்ந்து துடுப்புகளை வாங்குவது தெரிந்தது.

பிறகு படகு நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கியது.

காற்று எங்கள் பக்கம் அடித்ததால் பேச்சு நன்றாகக் கேட்டது. இங்கத்தைய துடுப்புப் படகில் போகிற பக்கத்துக்கு முதுகு காட்டித்தான் உட்காரவேண்டும். கிழவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: மற்றப் பக்கம், மேட், மற்றப் பக்கம் திரும்பி இரு.

"நோ!" என்றார் என் கணவர். ஒரு வருடமாகச் சொன்ன நோவிலே இது ஒன்றுதான் மனதார வந்த நோ. "ஐ வாண்ட் டு சீ வேர் ஐ ஆம் கோயிங்!"

"வேலையிலை நாள் முழுக்க போர்க்லிப்ட்டைப் பின்னுக்குத்தானே ஓட்டுறவர்," என்றேன் மகளிடம். "இப்ப பார், ரோசம்."

போகிற பக்கம் பார்த்தபடியே, இழுக்கவேண்டிய துடுப்பைத் தள்ளித் தள்ளி அவர் போட்டார். முதலில் ஒரு மரத்தில் முட்டினார். பிறகு இன்னொன்றில். அதில் இருந்த நீர்க்காகம் ஒன்று வெறுத்துப்போய் எழும்பிப் பறந்தது. மூன்றாவது மரத்துக்குப் பிறகு படகுக்கும் அவருக்கும் ஏதோ ஒப்பந்தம் ஏற்பட்டதுபோல இருந்தது. சாம்பல் மரங்களுக்கு நடுவில் அது மெல்ல, நேராக, ஒரு சத்தமும் இல்லாமல் போனது. கிழவர் பின் இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தார். என் கணவரின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. சிரிக்கிற முதுகு என்று ஒன்று இருப்பதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

கரைக்கு வந்தபோது இடுப்புவரை நனைந்திருந்தார். கிழவர் எங்களைப் பார்த்து, "நாட் பாட்," என்றார், மோசமில்லை என்று. இந்த ஊர்க்காரர்களிடம் இத்தனை வருடம் காது கொடுத்ததில் எனக்குத் தெரிந்த ஒன்று இருக்கிறது. ஒருவர் உங்கள் கையைப் பிடித்துக் கண்ணீர் விட்டுப் புகழ்ந்தாலும் அது நாட் பாட் என்பதற்குக் கீழேதான் வரும்.

மகள் கயிற்றைப் பிடித்தாள். நான் துவாயோடும் சாப்பாட்டுத் தட்டோடும் நின்றேன். கிழவர் தண்ணீரைப் பார்த்தார். காற்று அடங்கியிருந்தது, அலை படுத்துவிட்டது, இனி முன்னுக்கு யாருடைய பாரமும் தேவையில்லை. அது அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும்.

"இன்னொரு சுற்றுப் போவோமா?" என்று கேட்டார். உதவி இல்லை இந்த முறை. வெறும் கேள்வி.

"நோ, நோ," என்றார் என் கணவர். பல்லெல்லாம் தெரிந்தது. கையும் மேலே போனது. "யூ மஸ்ட் பி டயர்ட்."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கிழவர் இவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். என் கணவர் இருக்கையை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்பியிருக்கவில்லை. உயர்த்திய கை ஒன்றுதான். மற்றக் கை படகின் விளிம்பை, யாரோ பறித்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்பதுபோல, இறுக்கிப் பிடித்திருந்தது.

கிழவர் மகளின் கையிலிருந்து கயிற்றை வாங்கிப் படகுக்குள் போட்டார். மோட்டாரை முடுக்கினார்.

அவர்கள் நடு ஏரிக்குப் போனபிறகு தங்கச்சி மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏன் அக்கா, அண்ணா வேண்டாம்னுதானே சொன்னாரு?"

"ஓம்," என்றேன், தட்டை மூடிக்கொண்டு. "வடிவாச் சொன்னவர்."